ஷாவோலினுக்குக் குங்ஃபூ கொடுத்தது யார்? போதிதர்மர் கதைக்கு எழுத்து ஆதாரம் உண்டா?

கோவைப்பூங்கா
காலையில் பூங்காவில் நடக்கும் தாய்ச்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சொல்லித்தருபவர் அருமையான மனிதர், கை கால் அசைவில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வகுப்பு முடிந்ததும் கொஞ்சம் வரலாறு எடுப்பார். காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் சீனா போய் ஷாவோலின் பௌத்த மடத்துத் துறவிகளுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார், அதிலிருந்து கிளைத்ததுதான் தாய்ச்சி, கராத்தே எல்லாம் என்பார். போன வாரம் ஒரு கல்லூரி மாணவி, "தாய்ச்சியைச் சாங் சான்ஃபெங்னு ஒரு தாவோயிசத் துறவி உருவாக்கினார்னு படிச்சேனே சார்" என்று கேட்டுவிட்டார். அவர் "அதுவும் உண்டும்மா" என்று முடித்துக்கொண்டார். ஒன்று பௌத்தம், இன்னொன்று தாவோயிசம். இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்?

எனக்கு வேண்டியது இதுதான்: யார், எந்த ஆண்டில், எந்த நூலில் முதன்முதலாக இப்படி எழுதினார்கள்? 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் போடுபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லவன்மகன்
படம் வந்ததால் வரலாறு பொய்யாகிவிடாது நண்பரே. படம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே சீனர்களே போதிதர்மரைத் தென்னிந்தியர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஷாவோலின் கோவிலில் அவர் படம் இருக்கிறது, அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்த குகை இருக்கிறது. அவர்களே ஒப்புக்கொண்டதை நாம் ஏன் சந்தேகப்பட வேண்டும்? நம் ஆள் ஒருவர் எதையாவது செய்தார் என்றால் உடனே ஆதாரம் கேட்கும் பழக்கம் நமக்கு மட்டும்தான் உண்டு.

ஊமைக்கோட்டான்
கோவை நண்பருக்கு, ஆண்டு வாரியாகவே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

போதிதர்மர் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 547இல் எழுதப்பட்ட லுவோயாங் நகரத்துக் கோவில்கள் பற்றிய நூலில் வருகிறது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த, 150 வயதானதாகச் சொல்லிக்கொண்ட துறவி. யோங்நிங் கோவிலின் கோபுரத்தைப் பார்த்து வியந்து நிற்கிறார். அவ்வளவுதான். சண்டை இல்லை, ஷாவோலினும் இல்லை. 645இல் தாவ்சுவான் என்ற துறவி எழுதிய வரலாற்றில் தென்னிந்தியப் பிராமணர் என்று வருகிறது. 1004இல் தொகுக்கப்பட்ட ஜென் மரபு நூல், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. அந்த நாட்டின் பெயரைக் காஞ்சியோடு சேர்த்துப் பார்ப்பது பிற்காலத்து ஊகம். ஆக, தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சீன எழுத்திலேயே இடம் இருக்கிறது, பல்லவன்மகன் சொல்வதில் அந்தப் பாதி சரி. ஷாவோலினோடு அவரைச் சேர்த்துப் பேசுவது மட்டும் 8ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. அப்போதும் பேச்சு தியானத்தைப் பற்றித்தான்.

சண்டைப் பாதி எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு சிறு நூல் காரணம். பெயர் யிஜின்ஜிங். தசைநாரை மாற்றி வலுவாக்கும் முறை பற்றியது. அதன் பின்னுரையில் 1624 என்று தேதி, எழுதியவர் ஒரு தாவோயிசத் துறவி. போதிதர்மர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து அமர்ந்துவிட்டுப் போனபின் ஓர் இரும்புப் பெட்டி கிடைத்ததாம், அதற்குள் இரண்டு நூல்கள் இருந்தனவாம், ஒன்று காணாமல் போய், மிஞ்சியது இதுவாம்.

நம்ப வைக்க இரண்டு முன்னுரை சேர்த்திருக்கிறார்கள். வேடிக்கை அங்கேதான். முதல் முன்னுரை தாங் காலத்துத் தளபதி லி ஜிங் 628இல் எழுதியதாம். இந்த நூல் தனக்குச் சுருட்டைத் தாடி வீரர் ஒருவரிடமிருந்து கிடைத்தது என்கிறார். அந்தச் சுருட்டைத் தாடிக்காரர் ஒரு சிறுகதையில் வரும் கற்பனைப் பாத்திரம், கதை எழுதப்பட்டதோ லி ஜிங் இறந்து இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து. இரண்டாவது முன்னுரை 1142 தேதியோடு சோங் காலத்துத் தளபதி நியூ காவ் பெயரில் இருக்கிறது. அவர் முதலிலேயே, நான் போர்வீரன், எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது என்கிறார். எழுத்து தெரியாதவர் முன்னுரை எழுதுகிறார்! 18ஆம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்ற அறிஞர் இதைப் படித்துவிட்டு, இட்டுக்கட்டியவன் யாரோ அரைகுறைக் கிராமத்து வாத்தியார் என்கிற தொனியில் திட்டிவிட்டார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த நூலில் குத்து, உதை எதுவும் கிடையாது. உடம்பைத் தேய்ப்பது, மர உலக்கையாலும் கல் நிரப்பிய பையாலும் தட்டித் தட்டி இறுகச் செய்வது, மூச்சை நிறுத்துவது போன்ற பயிற்சிகள்தான். அதை வைத்து ஷாவோலின் சண்டைக்கே போதிதர்மர்தான் மூலம் என்று பரவலாகப் பேசத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒரு தொடர்கதையும், 1915இல் வந்த ஒரு ஷாவோலின் கைச்சண்டைக் கையேடும் அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

மூன்றாம்சுற்று
கோட்டான் அண்ணே, எழுதப் படிக்கத் தெரியாதவர் எழுதிய முன்னுரை சூப்பர். இனி என் ஆபீஸ் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நியூ காவ்தான் முன்னுரை.

பல்லவன்மகன்
சிரிப்பெல்லாம் இருக்கட்டும். நம் ஆட்கள் சீனாவோடு தொடர்பே இல்லாமல் இருந்தார்களா? இராஜசிம்ம பல்லவன் 720இல் சீன அரசவைக்குத் தூது அனுப்பியிருக்கிறான். அதற்கு முன்பே சீனப் பயணி சுவான்சாங் (யுவான் சுவாங்) காஞ்சி பற்றி எழுதியிருக்கிறார். சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்ததாக. இவ்வளவு போக்குவரத்து இருந்த இடத்தில் கலை மட்டும் கப்பல் ஏறாமல் கரையில் நின்றுவிட்டதா? எழுதி வைக்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்று சொல்வது வாதமே அல்ல.

ஊமைக்கோட்டான்
ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் சுவான்சோ கல்வெட்டு போதிதர்மர் காலத்துக்கு எழுநூறு ஆண்டு பிந்தியது. வணிகர்கள் தங்கள் கோவிலில், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் நலனுக்காகச் செய்த திருப்பணி. சுவான்சாங் காஞ்சியைப் பற்றி எழுதும்போது அது பௌத்த அறிஞர் தர்மபாலர் பிறந்த ஊர் என்று குறிப்பிடுகிறார். போதிதர்மரைச் சொல்லவில்லை. கப்பல் போனது என்பதற்கும் அதில் இன்னது போனது என்பதற்கும் நடுவே ஒரு சரக்குப் பட்டியல் வேண்டும் அல்லவா?

ஆனால் உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ஷாவோலினில் இந்தியா நிஜமாகவே இருக்கிறது, நாம் தேடாத இடத்தில்.

முதலில், ஷாவோலின் கட்டப்பட்டதே ஓர் இந்தியத் துறவிக்காக. 495இல் வட வெய் பேரரசர் சியாவ்வென் கட்டிக்கொடுத்தது, சீனர் அந்தத் துறவியைப் பாதுவோ என்பார்கள். வரலாற்றில் உறுதியாகக் கால் பதித்த அந்த இந்தியரைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை.

அடுத்தது சுவையானது. பாதுவோவின் சீடர் செங்சோவ் பற்றி 8ஆம் நூற்றாண்டில் பதிவான கதை. சின்ன வயதில் நோஞ்சானாக இருந்ததால் மற்ற இளந்துறவிகள் அவரைப் போட்டு அடிப்பார்களாம். அவர் பௌத்தக் காவல் தெய்வம் வஜ்ரபாணி சிலையின் காலைக் கட்டிக்கொண்டு, வலிமை கொடு, இல்லாவிட்டால் இங்கேயே செத்துப்போகிறேன் என்று ஆறு நாள் கிடக்கிறார். ஆறாம் நாள் விடியலில் வஜ்ரபாணி கையில் ஒரு பெரிய கிண்ணத்தோடு வருகிறார், நிறைய இறைச்சி நரம்பு. "சாப்பிடு" என்கிறார். துறவி இறைச்சி தின்னக் கூடாதே என்று பையன் தயங்க, வஜ்ராயுதத்தை ஓங்கி மிரட்டித் தின்ன வைக்கிறார். அதன்பின் அவர் சுவர்மேல் நடக்கிறார், கூரை உயரத்துக்குத் தாவுகிறார், அடித்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

வஜ்ரபாணிதான் ஷாவோலினின் வலிமைத் தெய்வம். 1517இல் அங்கே வைத்த கல்வெட்டு அவரை என்ன பெயரில் சொல்கிறது தெரியுமா? நலுவோயான். அதாவது நாராயணன். 1351இல் செந்தலைப்பாகைக் கலகக்காரர்கள் கோவிலைத் தாக்க வந்தபோது, மடப்பள்ளி வேலையாள் ஒருவர் அடுப்பு கிளறும் கோலோடு வெளியே வந்து மலையளவு வளர்ந்து நின்றாராம், கலகக்காரர்கள் ஓடிவிட்டார்களாம். அவர்தான் நாராயண வடிவம், கோல்சண்டையை ஷாவோலினுக்குக் கொடுத்தவர் என்பது கோவில் மரபு. பிற்பாடு அந்த இடத்துக்குக் கின்னரன் என்ற தெய்வம் வந்துவிட்டார். உண்மையில் அந்தக் கலகத்தில் கோவில் சூறையாடப்பட்டது, துறவிகள் ஓடினார்கள் என்று ஆய்வாளர் மெயிர் ஷாஹார் காட்டியிருக்கிறார். தோற்ற இடத்தில் கதை ஜெயிக்கிறது.

ஆக மிங் காலத்து (14 முதல் 17ஆம் நூற்றாண்டு) ஷாவோலின் துறவியைப் பிடித்து உங்கள் கலையை யார் கொடுத்தது என்று கேட்டிருந்தால், போதிதர்மர் என்றிருக்க மாட்டார். மடப்பள்ளித் தெய்வத்தைத்தான் காட்டியிருப்பார்.

தறிநாடா
நாராயணன் கையில் அடுப்புக்கோல்! எங்க ஊர் பெருமாள் கோவில் பட்டரிடம் சொன்னால் என்ன செய்வார் என்று யோசிக்கிறேன்.

கோவைப்பூங்கா
கோட்டான் சார், கோல் என்கிறீர்களே, ஷாவோலின் என்றால் கை, கால் சண்டைதானே எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது?

ஊமைக்கோட்டான்
நமக்கு அப்படி. 1600 வாக்கில் ஷாவோலின் என்றால் கம்புதான்.

தொடக்கத்திலிருந்து பாருங்கள். 621இல், பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்கு ஆதரவாக ஷாவோலின் துறவிகள் வாங் ஷிசோங் என்ற போட்டி அரசனுக்கு எதிராகப் போராடி, அவன் உறவினனைப் பிடித்துக் கொடுத்தார்கள். லி ஷிமின் நன்றிக் கடிதம் அனுப்பினார், 40 சிங் (சீன நில அளவு) நிலமும் ஒரு நீராலையும் கொடுத்தார். 728இல் நட்ட கல்லில் இதெல்லாம் செதுக்கியிருக்கிறது, பதின்மூன்று துறவிகளின் பெயரோடு. ஆனால் எப்படிச் சண்டை போட்டார்கள், கையில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. நிலத்துக்கான பத்திரம் அது, பயிற்சிக் கையேடு அல்ல.

1561இல் தளபதி யூ தாயூ வடக்கிலிருந்து திரும்பும் வழியில் ஷாவோலினுக்குப் போகிறார். கடற்கொள்ளையரோடு பொருதியவர், கம்புப் பயிற்சி நூல் எழுதியவர். துறவிகளின் கம்பு வீச்சைப் பார்த்துவிட்டு, உங்கள் பழைய நுட்பம் தொலைந்துவிட்டது என்று மடத்தின் தலைவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். தலைவர் கோபப்படவில்லை, இரண்டு இளந்துறவிகளை அவரோடு அனுப்பி வைக்கிறார். ஷாவோலின்தான் ராணுவத்துக்குக் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறோம், இங்கே தலைகீழ்.

1600களின் தொடக்கத்தில் செங் சோங்யூ என்பவர் அங்கே பத்தாண்டுக்கு மேல் கம்பு பயின்று ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கேள்வி: ஷாவோலின் கம்புக்குத்தானே பேர்போனது, இப்போது துறவிகள் ஏன் கைச்சண்டை பழகுகிறார்கள்? அவர் பதில்: கைச்சண்டை நாட்டில் இன்னும் பரவவில்லை, அதையும் கம்பின் உயரத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். வெறுங்கைச் சண்டை அங்கே புதுவரவு என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி கிடைக்காது.

தளபதி சி ஜிகுவாங் 1560 வாக்கில் எழுதிய ராணுவக் கையேட்டில் 32 கைச்சண்டை நிலைகளைப் படத்தோடு போட்டார். போட்டுவிட்டு, இது பெரும் போருக்கு உதவாது போலத் தெரிகிறது, ஆனால் கை காலைப் பழக்க நல்ல தொடக்கம் என்றும் எழுதினார். 1584இல் திருத்திய பதிப்பில் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்.

மூன்றாம்சுற்று
இதைத்தான் நான் கேட்க வந்தேன். சரி, வரலாறு இருக்கட்டும், அடி விழுமா விழாதா? 2017இல் செங்துவில் சூ சியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை வீரர் ஒரு தாய்ச்சி மாஸ்டரை அரை நிமிடம் ஆவதற்குள் தரையில் போட்டுக் குத்திய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். சீனாவில் சூவை எல்லோரும் திட்டினார்கள், அவர் சமூக வலைதளக் கணக்கே மூடப்பட்டது. தன் கலை ஜெயிக்கும் என்று உண்மையிலேயே நம்புகிறவர்கள் இப்படியா பதறுவார்கள்? தளபதியே 1584இல் வெட்டித் தூக்கிப்போட்டதை இன்னும் ஏன் தாங்கிப் பிடிக்கிறோம்?

ஈப்போ மாலா
நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது நுழைகிறேன். ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு நேரெதிரே சீனக் குடும்பம். அவர்கள் பிள்ளைகள் சிங்க நடனம் பழகிய சங்கத்துக்கு நானும் என் தம்பியும் சின்ன வயதில் போயிருக்கிறோம். அந்தச் சங்கத்தில் குங்ஃபூ மட்டும் கிடையாது. பறை மாதிரி பெரிய முரசு, இறந்தவர் வீட்டுக்குத் துணையாகப் போவது, புத்தாண்டுக்குக் கடை கடையாக ஆடி நிதி திரட்டுவது, ஆசான் படத்துக்கு ஊதுவத்தி, எலும்பு பிசகினால் தைலம் போட்டுக் கட்டுவது, எல்லாம் ஒரே கூரையில். சுவரோரம் ஈட்டியும் பெரிய அரிவாளும் சாத்தியிருக்கும், கீழே பள்ளிப் பையன்கள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். மூன்றாம்சுற்று தம்பி, அங்கே போய் "அடி விழுமா" என்று கேட்டால் அந்த வயதான சிஃபு (ஆசான்) ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான். அது அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வியே அல்ல.

குங்ஃபூ மலாயாவுக்கு வந்த விதமும் சுவாரசியம். 1910இல் ஷாங்காயில் ஒரு சங்கம் தொடங்கினார்கள், நாங்கள் சின் வூ என்போம். ஹுவோ யுவான்ஜியா என்ற சண்டை வீரர் பெயரால் தொடங்கியது, அவர் அதே ஆண்டு இறந்துபோனார். கட்டி எழுப்பியவர்கள் படித்த வணிகர்கள். குருவின் காலில் விழுந்து ரகசியமாகக் கற்பதை விட்டுவிட்டு, சந்தா கட்டினால் யார் வேண்டுமானாலும் சேரலாம், பல பாணிகளையும் ஒரே இடத்தில் வகுப்பெடுப்போம் என்றார்கள். பெண்களுக்கும் பிரிவு வைத்தார்கள். பத்திரிகை, புகைப்படம், சீருடை, ஊர்வலம் என்று அந்தக் காலத்துப் புது நாகரிகம் முழுக்க உள்ளே வந்தது. 1921இல் சிலாங்கூரிலும் கிளை வந்துவிட்டது. கோலாலம்பூரில் குன்றின்மேல் இருக்கும் சின் வூ அரங்கம் 1953இல் திறந்தது, இப்போது அங்கே நீச்சல் பழகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ.

ஏன் அந்த நேரத்தில் என்று கேட்டால், 1900ஐப் பார்க்க வேண்டும். வட சீனாவில் பாக்சர் கலகம். ஷாண்டோங் கிராமத்து ஏழை இளைஞர்கள், வறட்சி, வெள்ளைக்காரப் பாதிரிகள் மேல் கோபம். கூத்தில் பார்த்த குரங்கு வீரனும் போர்த்தெய்வம் குவான் யூவும் தங்கள் மேல் சாமியாக இறங்குவதாகவும், குண்டு துளைக்காது என்றும் நம்பினார்கள். எட்டு நாட்டுப் படை வந்து நசுக்கியது. அதன்பின் படித்த சீனர்களுக்குக் கைச்சண்டை என்றாலே வெட்கம், பத்தாம்பசலித்தனம். பத்தே ஆண்டில் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, அறிவியல், உடற்பயிற்சி, தேசப்பற்று என்று ஆக்கியது இந்த மாதிரிச் சங்கங்கள்தான். இன்று நமக்குப் பழமையாகத் தெரிவதில் பாதி அப்போது போட்ட வர்ணம்.

மூன்றாம்சுற்று
மாலா அக்கா, ஏற்றுக்கொள்கிறேன், சங்கம் சங்கமாக இருக்கட்டும். ஆனால் அவர்களே மேடை ஏறித்தானே இருக்கிறார்கள்? 1954 ஜனவரி 17, மக்காவ். தாய்ச்சி வூ கோங்யி, வெண்கொக்குப் பாணி சான் ஹாக்ஃபூ. பத்திரிகையில் வாய்ச்சண்டை முற்றி மேடைக்கு வந்தது. ஹாங்காங் ஷெக் கிப் மெய் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி என்று டிக்கெட் போட்டார்கள். படச்சுருள் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய வூ, இளையவரின் மூக்கில் ரத்தம் வர வைக்கிறார். ஆனால் ஆட்டம் பார்க்கச் சகிக்காது. இரண்டு பேரும் கையை வீசுகிறார்கள், பின்வாங்குகிறார்கள். இரண்டாம் சுற்றில் நடுவர்கள் நிறுத்தி, வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை என்று கைகழுவிவிட்டார்கள். வேறு எப்படிச் சொல்ல?

ஊமைக்கோட்டான்
அந்த மோதலில் ஜெயித்தவர் ஒருவர் இருக்கிறார் தம்பி. ஹாங்காங் நாளிதழ் ஆசிரியர். ஊரே இதைப் பற்றிப் பேசுவதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே, 20ஆம் தேதி, சண்டைக் கதை ஒன்றைத் தொடராகப் போட ஆரம்பித்தார். புதிய வகை வாள்வீரர் நாவல் அலை அங்கிருந்துதான் கிளம்பியது. அதிலிருந்து திரைப்படம், திரைப்படத்திலிருந்து நம் ஊர் டெண்டுக் கொட்டகை. மேடையில் சொதப்பியது காகிதத்தில் பறந்தது.

உங்கள் கேள்வி தப்பில்லை. ஆனால் அது ஒன்றுதான் கேள்வி என்றால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடும், செங்துவில் முடிந்த மாதிரி. சீன அரசே ஆயிரத்து இருநூறு ஆண்டு ராணுவத் தேர்வு நடத்தியது. 702இல் பேரரசி வூ சேதியான் தொடங்கி வைத்தது, 1901இல் நிறுத்தினார்கள். மஞ்சுக்கள் ஆண்ட சிங் காலத்தில் பாடத்திட்டம்: குதிரைமேல் வில், தரையில் நின்று வில், கடினமான வில்லை இழுப்பது, கனத்த நீள்வாள் சுழற்றுவது, கல் தூக்குவது, கொஞ்சம் எழுத்துத் தேர்வு. கைச்சண்டைக்கு ஒரு மதிப்பெண் கிடையாது. அரசுக்கு அது வேண்டாத கலை. அது வாழ்ந்தது வேறு இடங்களில்: வண்டிச் சரக்குக்குக் காவல் போகும் நிறுவனங்கள், கிராமக் காவல், சந்தையில் வித்தை காட்டி மருந்து விற்பவர்கள், கூத்துக் கலைஞர்கள், ரகசியச் சங்கங்கள், கோவில்கள். இந்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மூலக் கதை தேவைப்பட்டது.

இனி கோவை நண்பரின் சாங் சான்ஃபெங். அவர் பெயர் கைச்சண்டையோடு வருவது 1669இல். ஹுவாங் சோங்சி என்ற பேரறிஞர், வாங் செங்னான் என்ற சண்டை ஆசானுக்கு எழுதிய கல்லறை வாசகம். ஷாவோலின் முறை தாக்குவது, இதற்கு மாறாக அசையாமல் இருந்து அசைவை வெல்லும் ஓர் அகமுறை உண்டு, அதை வூதாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங் கனவில் தெய்வத்திடம் கற்று மறுநாளே தனியாளாக நூறு கொள்ளையரைக் கொன்றார் என்கிறார். தாய்ச்சி என்ற பேச்சே அதில் இல்லை. ஹுவாங் மிங் அரசுக்கு விசுவாசமானவர், மஞ்சு ஆட்சியிடம் வேலை பார்க்க மறுத்தவர். வெளியிலிருந்து வந்த பௌத்தத்தின் முரட்டு முறை ஒருபக்கம், மண்ணில் பிறந்த தாவோயிசத்தின் மென்முறை மறுபக்கம் என்று அவர் பிரிப்பதை, மஞ்சுக்களைக் குத்திக்காட்டும் மறைபேச்சு என்று சில ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். எனக்கு அந்த வாசிப்பு ஒத்துக்கொள்கிறது. நேராகச் சொன்னால் தலை போகும் காலம் அது.

இந்த இரண்டு கதையையும் உடைத்தவர் தாங் ஹாவ். சட்டம் படித்தவர், சண்டையும் பழகியவர். 1928இல் நான்ஜிங்கில் அரசு மத்தியத் தேசியக் கலைக் கழகம் (சண்டைக் கலைக்கு அன்று வைத்த பெயர் தேசியக் கலை) தொடங்கியபோது ஷாவோலின் துறை, வூதாங் துறை என்று இரண்டு வைத்தார்கள். கதை நிஜமாகி, துறைத் தலைவர்களே ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள்! அந்த ஆண்டே பிரிவைக் கலைக்க வேண்டியதாயிற்று. அங்கே பதிப்புப் பிரிவில் இருந்த தாங் ஹாவ் 1930இல் ஒரு சிறு நூல் போட்டார்: போதிதர்மரும் கொடுக்கவில்லை, சாங் சான்ஃபெங்கும் கொடுக்கவில்லை. பிழைப்பில் மண் விழுந்த ஆசான்கள் சும்மா இருப்பார்களா? அவரை அடிக்கவே ஆள் கிளம்பியதாகச் சொல்வார்கள். அவர் அடுத்து ஹெனானில் சென் குடும்பத்தார் வாழும் சென்ஜியாகோ கிராமத்துக்கே போய், குடும்ப வம்சாவளி, கையெழுத்துப் படிகளைப் புரட்டினார். 17ஆம் நூற்றாண்டுச் சென் வாங்திங்தான் தாய்ச்சியின் தொடக்கம் என்றார். சி ஜிகுவாங்கின் 32 நிலைகளில் 29 அந்தக் கிராமத்துப் பயிற்சியில் இருப்பதையும் சுட்டினார். தளபதி தன் நூலிலிருந்து எடுத்ததை ஒரு கிராமம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

சென் வாங்திங் முடிவையும் இன்று சிலர் எதிர்க்கிறார்கள், பக்கத்து ஊர்களும் உரிமை கோருகின்றன. ஆனால் ஒன்று உறுதி: அந்தக் கிராமத்தில் கற்ற யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங் போனபின்தான் தாய்ச்சி வெளியுலகுக்குத் தெரிந்தது. பூங்காவில் நீங்கள் பழகுவது 24 அசைவு வரிசை என்றால், அது 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியைச் சுருக்கி எல்லோருக்குமாக அமைத்தது.

கோவைப்பூங்கா
24தான் சார். என் அப்பாவைவிட இளையது!

பல்லவன்மகன்
கோட்டான் ஐயா, முன்னுரைகள் போலி என்பதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்களே பாதுவோ, வஜ்ரபாணி, நாராயணன், கின்னரன் என்று அடுக்குகிறீர்கள். வலிமை தரும் தெய்வம் முழுக்க முழுக்க இந்தியா. பிறகு எப்படி இந்தியாவுக்குப் பங்கில்லை என்பது?

ஊமைக்கோட்டான்
பங்கில்லை என்று நான் சொல்லவில்லையே. துறவி கையில் ஆயுதம் எடுக்கலாமா என்ற சங்கடத்துக்கு, ஆயுதம் தாங்கிய காவல் தெய்வம் ஒரு சமாதானம். அந்தச் சமாதானம் இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போனது. கம்பு சுழற்றும் விதம் சீனக் கிராமத்திலும் ராணுவத்திலும் இருந்து வந்தது. இந்தப் பங்கு காஞ்சி இளவரசர் கதையைவிடப் பெரியது என்பது என் கட்சி. போஸ்டர் அடிக்கத்தான் வசதியில்லை.

நெறியாளர்
போஸ்டர் பேச்சு போதும், இழை நன்றாகப் போகிறது. படத்தைப் பற்றிய தனிச் சண்டைகளைச் சினிமாப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன்.

தறிநாடா
ஒரே ஒரு சந்தேகம். புரூஸ் லீ படித்த விங் சுன் என்ற சண்டை முறையை ஒரு பெண் உருவாக்கியதாகச் சொல்கிறார்களே. அதுவும் இந்த ரகமா?

ஈப்போ மாலா
அதே ரகம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஃபூஜியானில் தென் ஷாவோலின் கோவிலை மஞ்சு அரசு எரித்ததாம், ஐந்து பெரியவர்கள் தப்பினார்களாம், அவர்களில் ஒரு பிக்குணி கொக்கும் பாம்பும் சண்டையிடுவதைப் பார்த்து ஒரு முறை உருவாக்கி, யிம் விங் சுன் என்ற தவிட்டுக்கடைக்காரர் மகளுக்கு, தவிடு இல்லை தோஃபு, தோஃபுக்கடைக்காரர் மகளுக்குக் கற்றுக்கொடுத்தாராம். கட்டாயக் கல்யாணத்துக்கு வந்த ரவுடியை அவள் அடித்து விரட்டினாளாம்.

கோவில் எரிந்து ஐவர் தப்பிய பகுதி அப்படியே தியான்திஹுய் ரகசியச் சங்கத்தின் மூலக் கதை. அந்தச் சங்கம் 1760களில் ஃபூஜியானில் தொடங்கியது, எங்கள் மலாயாத் தகர வயல்களில் வெட்டிக்கொண்ட குழுக்கள் அதன் பேரப்பிள்ளைகள். சிங் கால முடிவில் வந்த சண்டை நாவல்கள் அந்தக் கதையை வாங்கிக்கொண்டன, தென் சீனச் சண்டைப் பள்ளிகள் நாவலிலிருந்து வாங்கிக்கொண்டன. விங் சுன்னைப் பற்றி உறுதியாகப் பேசக்கூடிய காலம் 19ஆம் நூற்றாண்டு ஃபோஷான் நகரத்திலிருந்துதான் தொடங்குகிறது. நெசவு, மட்பாண்டம், இரும்பு வார்ப்பு என்று தொழிலாளர் நிறைந்த ஊர், சிவப்புப் படகில் ஊர் ஊராகப் போகும் கூத்துக்குழுவின் தலைமையிடம். புரூஸ் லீயின் ஆசான் இப் மேன் அந்த ஊர்க்காரர், 1949 அரசியல் மாற்றத்துக்குப் பின் ஹாங்காங்கில் வகுப்பெடுத்துப் பிழைத்தார்.

பெண் கதாநாயகி ஏன் என்பதற்கு ஜட்கின்ஸ், நீல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது: சண்டைக்காரப் பெண் பாத்திரங்கள் 1930களின் கதைகளில் பிரபலமானபின் இந்த விங் சுன் கதை இப்போதைய உருவம் எடுத்திருக்க வேண்டும்.

எரிந்த தென் ஷாவோலின் எங்கே இருந்தது என்று கேட்டால், புதியான், சுவான்சோ, ஃபூசிங் என்று மூன்று ஊர் கை தூக்கும். மூன்றிலும் இப்போது கோவில் எழும்பியாகிவிட்டது. சுவான்சோ என்றால் பல்லவன்மகன் சொன்ன தமிழ்க் கல்வெட்டு ஊரேதான்.